தண்ணீர் கேட்ட வீடு

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். சால்வை போட்டு, கேக் வெட்டி, கையில் மைக்கைக் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். நான் சரியாக இரண்டு வார்த்தைதான் பேசினேன். "ரொம்ப நன்றி." எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். என்னை அறிந்தவர்கள் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை. நாலு பேர் பார்க்க நின்று பேசுவது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். ஜீப்லயே கேன் தண்ணி இருக்குது. ஆளுக்கொரு பாட்டில் வெச்சிருக்கோம். நீங்க மட்டும் ஏன் போற எடத்துலல்லாம் யார் வீட்லயாவது தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கிறீங்க? அதுவும் சில வீட்ல கேக்கறீங்க, சில வீட்ல அவங்களே குடுத்தாலும் வேணாம்னுடறீங்க."

"பழக்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ கிளாசை வைக்கப் போவது போல நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டோமே என்று இருந்தது. வாயால் வராதது கையால் வருகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்திக் கொடுத்திருக்கிறாள். மற்றதெல்லாம் என்னுடையது.

என் சொந்த ஊர் மரக்காணம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஐந்தாவது முடித்ததும் நானும் உப்பளத்தில் இறங்கிவிட்டேன். பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, கூடையில் சுமந்து அம்பாரமாகக் குவிப்பது எல்லாம் செய்திருக்கிறேன். பேச்சு வராதவனுக்கு உப்பளம் நல்ல இடம். பேசி ஆகவேண்டிய காரியம் என்று அங்கே எதுவும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு நான் வெயிலில் வெந்துபோவது பிடிக்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு என்னைக் கடலூருக்கு அழைத்துப் போய் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவைத்தார். நான் அதை மறந்தே போயிருந்தபோது ஒரு கார்டு வந்தது. சுங்க இலாகாவில் சிப்பாய் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சைக்கிள் ஓட்ட வேண்டும், நீச்சல் தெரிந்தால் நல்லது.

இன்டர்வியூவில் ஒரு அதிகாரி, "கடல்னா பயமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஆளுங்கன்னாத்தான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது.

சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் இப்போது நினைவில் நிற்பது இரண்டுதான். ஒன்று சல்யூட். இன்னொன்று பூட்ஸ். அதுவரை காலில் செருப்புகூடப் போட்டதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த குதிகாலை அந்தத் தோலுக்குள் அடைத்துக்கொண்டு நடந்தபோது, கால் வேறு யாருடையதோ போல இருந்தது. பயிற்சி முடிந்து எந்த ஊருக்குப் போடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். கடவுள் புண்ணியத்தில் எங்கள் கரைக்கே போட்டார்கள். "அந்த ஊர்ப் பையன், பாதை தெரியும்" என்று யாரோ எழுதிவைத்திருந்தார்களாம்.

அந்தக் காலத்தில் எங்கள் கரைக்கு என்ன வரும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர் ரேடியோ, நைலான் புடவை, ஜப்பான் துணி. எப்போதாவது தங்கம். இன்று தள்ளுவண்டியில் விற்கும் சாமான்களுக்காக அன்று ஆட்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். பெரிய படகு தூரத்தில் நிற்கும். சிறிய படகில் மூட்டைகளைக் கரைக்குக் கொண்டு வருவார்கள். கரையிலிருந்து உப்பளம் வழியாகக் கால்வாயைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டால் பிறகு பிடிக்க முடியாது. மூட்டை சுமப்பவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள். அதில் என்ன இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் காவல் சாவடி ரோட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு வாடகை ஓட்டு வீடு. ஒரு மேஜை, இரண்டு சைக்கிள், அரக்கு உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு, பித்தளை முத்திரை. மூட்டை ஏதாவது பிடிபட்டால் சாட்சிகள் முன்னால் துணியில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்த வேண்டும். அந்த அரக்கு வாடையை இப்போதும் எங்காவது தபால் ஆபீசில் முகர்ந்தால் எனக்கு வயது குறைந்துவிடும்.

சாவடியில் நாங்கள் மூன்று பேர். இன்ஸ்பெக்டர் தேவசகாயம், ஹவில்தார் கோதண்டம், சிப்பாயாக நான். கோதண்டம் திருக்கழுக்குன்றத்துக்காரர். நல்ல உயரம், கணீரென்ற குரல், எதற்கும் சட்டென்று கோபம் வரும், அதே வேகத்தில் அடங்கியும் போகும். எனக்குச் சாப்பாடு இல்லாத நாளில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் தள்ளிவிட்டுத் திட்டுவார். "சாப்டு. ஊமையா இருந்தா வயிறு கூடவா ஊமையாயிடும்?"

இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி. குள்ளம், வழுக்கைத் தலை, மெல்லிய பேச்சு. உப்பளத்துக்குள் போகும்போது பூட்ஸைக் கழற்றி, லேஸை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலில் வரப்பின் மேல் நடப்பார். அதிகாரி ஒருவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். நானும் கழற்றிக்கொள்ளலாம் அல்லவா.

வீட்டுக்குள் சோதனை போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஊர்க்காரர் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்த வேண்டும். உள்ளே போகும் முன், நாங்கள் எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று காட்ட, முதலில் எங்களைச் சோதிக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். நிறைய பேர் அதை வாயால் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள். தேவசகாயம் சார் அப்படிச் செய்ய மாட்டார். வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிச் சாட்சி கையில் கொடுத்து, இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக விரித்துக்கொண்டு, "முதல்ல என்னைப் பாருங்க" என்பார். யாராவது வந்து பார்க்கும்வரை கைகளை இறக்க மாட்டார். பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு, சட்டைப் பையை லேசாகத் தொட்டுவிட்டு விலகுவார்கள்.

ஒருமுறை மீனவர் குப்பத்தில் ஒரு மீன்காரம்மா விலகவில்லை. கையில் ஒட்டியிருந்த செதிலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக வந்து, சாரின் பையில் கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கர்சீப். பேனா. கடைசியில் ஒரு சீப்பு. அதைத் தூக்கிப் பிடித்து அவர் தலையைப் பார்த்தார். சீப்பைப் பார்த்தார்.

"இது யாருக்குங்க சார்? கடத்தல் சாமானா?"

குப்பமே சிரித்தது. சாட்சிக்கு நின்றவர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார். சார் கைகளை விரித்தபடியே, "இருந்த காலத்து ஞாபகம்மா, குடுத்துடு" என்றார். அந்த வீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் எங்களைக் கண்டு யாரும் கதவைச் சாத்தியதில்லை.

இனிமேல்தான் தண்ணீர் விஷயம்.

எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் லேசில் கிடைக்காது. உப்பளத்தை ஒட்டிய வீடுகளில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். சவுக்குத் தோப்பின் ஓரம் மணலில் ஊற்றுப் பறித்து, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பி, வெயிலில் பெண்கள் சுமந்து வருவார்கள். மோர் வேண்டுமானால் கேட்கலாம். தண்ணீரைக் கேட்க எங்கள் ஊரில் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தேவசகாயம் சார் சில வீடுகளில் தண்ணீர் கேட்பார், சில வீடுகளில் கேட்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது புரியவில்லை. ஒருநாள் கடும் வெயிலில் ஒரு வீட்டைச் சோதனை போட்டோம். ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் பாவம், அவராகவே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சார் கும்பிட்டு மறுத்துவிட்டு, நாக்கு வறள நடந்துபோய் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் முழிப்பதைப் பார்த்துக் கோதண்டம் சொன்னார்.

"அவரு ஒரு வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டார்னா அந்த வீட்டை சோதனை போட மாட்டாரு. போட்ட வீட்லயும் போடப்போற வீட்லயும் தண்ணியைத் தொட மாட்டாரு. பைத்தியக்கார மனுஷன்."

"ஏன் அப்படி?" என்று நானே சாரிடம் கேட்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. கோதண்டம்தான் எப்போதோ கேட்டிருக்கிறார். "வாங்கிக் குடிச்சிட்டு அந்தப் பானையை எப்படிப்பா கவுத்துப் பாக்கறது?" என்று மட்டும் சார் சொன்னாராம்.

இது ஊருக்கும் தெரிந்திருந்தது. சார் எங்காவது தண்ணீர் கேட்டால் அந்த வீட்டுப் பெண்கள் முகம் மலர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு ஆள், நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் சொம்போடு நின்றான். "குடிங்க சார், ஊத்துத் தண்ணி சார், சும்மா குடிங்க சார்" என்று விடாமல் கெஞ்சினான். சார் அவனை அன்போடு பார்த்து, "இன்னிக்கு எனக்குத் தாகமே இல்லப்பா" என்றார். கோழிக்கூண்டுக்குள் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நாங்கள் எடுக்கும்போதே பாட ஆரம்பித்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த கேஸுக்கு வருகிறேன்.

அது எமர்ஜென்சி நேரம். கடத்தல் என்று யாரையாவது பிடித்தால் அவரை உள்ளே போட்டுவிடுவார்கள். ஜாமீன் கிடையாது. எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது. கூலிக்கு மூட்டை சுமந்தவனும் அதில் ஒன்றுதான், படகுக்கு முதலாளியும் ஒன்றுதான். மேலேயிருந்து எங்களுக்குக் கேஸ் எங்கே, ஆள் எங்கே என்று தினமும் நெருக்குதல்.

பொங்கல் கழிந்த நாட்கள். உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் காலம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உப்பு விளைகிற பாத்தியின் தரை களிமண். அதில் லேசாகத் தண்ணீர் விட்டு, ஆட்கள் வரிசையாக நின்று குதிகாலால் மிதிப்பார்கள். நாள் கணக்கில் மிதித்து மிதித்துத் தரை சிமெண்டு போல ஆக வேண்டும். கடைசி மிதி முடிந்து அது இறுகும்வரை அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. நாய் இறங்கினால்கூடக் கல்லெறிவார்கள். ஒரு காலடி விழுந்தால் அந்த இடம் பொத்துக்கொள்ளும், உப்பில் சேறு கலக்கும், கங்காணி எடுக்க மாட்டான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே வரப்பில் நடக்கத்தான் பழகுவார்கள்.

ஒருநாள் விடியும் நேரம் கோதண்டமும் நானும் கரையோரம் வந்துகொண்டிருந்தோம். மணலில் படகு இழுத்த தடம் புதிதாக இருந்தது. பல பேருடைய காலடிகள் உப்பளத்தின் வரப்புவரை வந்து, வரப்பின் கெட்டி மண்ணில் காணாமல்போயின. அங்கிருந்து சுற்றிலும் பார்த்த கோதண்டம் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

கடைசி மிதி முடிந்த ஒரு பாத்தி. கண்ணாடி போல இருந்தது. அதன் நடுவில் குறுக்காக ஒரே ஒரு ஆளின் காலடிகள். பாத்தியின் இந்தப் பக்கம் ஒரு குடிசை. அந்தப் பக்கம் போன வருஷத்து உப்பு அம்பாரம், பனையோலை போர்த்தியிருந்தது. காலடிகள் குடிசைப் பக்கத்திலிருந்து நேராக அம்பாரத்துக்குப் போயின. கோதண்டம் அம்பாரத்தில் குத்தூசியைச் செருகினார். மூன்றாவது இடத்தில் இடித்தது. தோண்டியபோது ரப்பர் துணியில் சுற்றிய இரண்டு கட்டுகள். உள்ளே தகர டப்பாக்களில் கைக்கடிகாரங்கள்.

அந்தக் குடிசை முனுசாமி அண்ணனுடையது. அந்தப் பாத்தியையும் அம்பாரத்தையும் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் சிறுவனாக உப்பளத்தில் இறங்கிய காலத்தில் மிதிக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர். வழுக்கி விழப்போனால் பிடித்துக்கொள்ள அவர் தோள் இருக்கும்.

சைக்கிளில் போய் இன்ஸ்பெக்டரை அழைத்துவந்தேன். அதற்குள் கோதண்டம் முனுசாமி அண்ணனை வரப்பில் உட்காரவைத்திருந்தார். ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சிக்கு வந்துவிட்டார்கள். அண்ணனின் மனைவி அஞ்சலை குடிசை வாசலில் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார் முனுசாமி அண்ணன். அதைத் தவிர வேறு பேச்சு அவரிடமிருந்து வரவில்லை.

"காலு உன் வீட்லேந்து அம்பாரத்துக்குப் போவுது. அம்பாரம் உன்னுது. அப்புறம் யாருக்குய்யா தெரியும், கடவுளுக்கா?" என்று கோதண்டம் கத்தினார். "சார், வீட்டையும் பாத்துடலாம். உள்ள இன்னும் இருக்குது. இவன் மூஞ்சியே சொல்லுது."

சார் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். களிமண் வழுக்கி, ஒவ்வொரு தடமும் நீண்டு இழுபட்டிருந்தது. அளவெடுக்க முடியாது.

"ஓடியிருக்கான், இல்ல?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாங்க சார்."

"கட்டைத் தூக்கிக்கிட்டா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நாலு பேர் முன்னால் நானாகப் பேசியது அன்றுதான்.

"சார், இது முனுசாமி அண்ணன் கால் இல்லீங்க. அவரு கடைசி மிதி மிதிச்ச பாத்தியில கால் வைக்க மாட்டாரு. வீடே பத்தி எரிஞ்சாலும் வரப்பைச் சுத்தித்தான் ஓடுவாரு. உப்பளத்து ஆளு ஒருத்தன்கூட இதுல எறங்க மாட்டான். இது வெளியூர் காலு சார்."

கோதண்டம் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். "டேய், உனக்கு இவ்ளோ பேச வருமா?"

சாட்சிக்கு வந்த பெரியவரும், "பையன் சொல்றது ஞாயம்தாங்க. எவனும் எறங்க மாட்டான்" என்றார். முனுசாமி அண்ணன் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை.

சார் எழுந்தார். காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு குடிசையை நோக்கி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கையை விரிக்கப்போகிறார், "முதல்ல என்னைப் பாருங்க" என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். சாட்சி ஒருவர் தொப்பியை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டார். வீட்டுக்குள் ஒரு கடிகாரம் கிடந்தாலும் முனுசாமி அண்ணன் கதை அத்தோடு முடிந்தது.

சார் தொப்பியைக் கொடுக்கவில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அஞ்சலையைப் பார்த்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அஞ்சலை உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்தார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதித் தண்ணீர் சாரின் சட்டையில் கொட்டியது. மிச்சத்தை சார் அண்ணாந்து, சொம்பு காலியாகும்வரை குடித்தார். "நல்ல தண்ணி" என்று சொல்லிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். கட்டுகளுக்கு உரியவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதி, அங்கேயே அரக்கு வைத்து முத்திரை போட்டோம். கோதண்டம் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. சாயந்திரம் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளியபோதுதான் கோபம் போய்விட்டது என்று தெரிந்தது. "தின்னுய்யா, பாத்தி வக்கீலு" என்றார். அந்தப் பெயர் அவர் மாற்றலாகிப் போகும்வரை எனக்கு நிலைத்தது.

எனக்கு அப்போது தரையில் கால் பாவவில்லை. பேசத் தெரியாத நான் பேசி ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா? அடுத்த விடுமுறை நாளில் காக்கியைக் கழற்றிவைத்துவிட்டு முனுசாமி அண்ணனின் உப்பளத்துக்குப் போனேன். கெட்டுப்போன அந்தப் பாத்தியில் தண்ணீர் விட்டு அவர் தனியாக மிதித்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கி, பழையபடி பக்கத்தில் நின்று மிதித்தேன். பூட்ஸில் அடைபட்டிருந்த காலுக்குக் குளிர்ந்த களிமண் பட்டபோது அம்மா மடியில் படுத்தது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வழக்கத்துக்கு மாறாக நானே பேச்சைத் தொடங்கினேன்.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா அண்ணே? அன்னிக்கு யாரு என்ன சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏழுமலை, நீ எனக்காக வந்து மிதிக்கிறதை என்னால பாக்க முடியலடா."

"ஏண்ணே?"

"அது என் காலுதான்டா."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், களிமண்ணைப் பார்த்தே சொன்னார். அஞ்சலையின் தம்பி சேகர் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தான். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வாலிபன். யாரோ கூலி தருகிறேன் என்று கூப்பிட்டதும் படகுக்குப் போய்விட்டான். வரப்பு வழியாகக் கட்டுகளைத் தூக்கிவந்து அம்பாரத்துக்குள் சொருகிக்கொண்டிருந்ததை அண்ணன் குடிசை வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். அதே நேரம் கரைப் பக்கம் எங்கள் இரண்டு பேருடைய காக்கிச் சட்டையும் தெரிந்திருக்கிறது.

"வரப்பைச் சுத்திக்கினு போனா நீங்க வந்துடுவீங்க. குறுக்கால எறங்கிட்டேன். அவன் சட்டையைப் புடிச்சு இழுத்துக்கினு, அந்தாண்ட வரப்பு வழியா வீட்டுக்குள்ள தள்ளிட்டேன்."

"தெரிஞ்சேவா எறங்கின?"

"தெரியாம எப்படிடா எறங்குவேன்? நானே மிதிச்ச பாத்தி. மொத அடி வெக்கும்போது வயிறு எரிஞ்சிச்சு. பாத்தி போனா திரும்ப மிதிச்சுக்கலாம். பையன் உள்ள போயிட்டா எந்தத் தண்ணியை விட்டு மிதிக்கிறது?"

"அன்னிக்கு அவன் எங்க இருந்தான்?"

"வீட்லதான். நெல்லுக் குதிருக்குப் பின்னால."

உப்பளத்தில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பை நான் செய்திருந்தேன். வெளியூர்க்காரராக இருந்திருந்தால் காலடியைப் பார்த்ததும் அண்ணனுடையது என்றுதான் சொல்லியிருப்பார். கோதண்டம் அப்படித்தான் சொன்னார், சரியாகவும் சொன்னார். பாத்தியில் கால் வைக்கவே மாட்டார்கள் என்று நான் அவ்வளவு உறுதியாக நம்பியதால்தான், கால் வைக்க வேண்டிய நேரமும் ஒருவனுக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. அவர் மறுபடியும் காலைத் தூக்கியதும் நானும் தூக்கினேன். அன்று மாலைவரை இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் பேச்சை நம்பித்தான் அந்த வீட்டை விட்டார் என்று நினைத்தேன். அவரிடம் சொன்னால் சேகர் ஜெயிலுக்குப் போவான், அவனோடு அண்ணனும் போவார். சொல்லாவிட்டால் காக்கி போட்டு என்ன பிரயோஜனம்? சொற்களை மனசுக்குள் அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு காலை, சாரும் நானும் பூட்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் முதுகைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கிவிட்டேன். முகத்தைப் பார்த்துத் தொடங்கியிருக்க முடியாது.

"சார், அந்தப் பாத்தியில இருந்த காலு..."

அவர் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. நடந்துகொண்டே சொன்னார்.

"ஏழுமலை, அந்த வீட்ல நான் தண்ணி குடிச்சிருக்கேன்."

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பையன் சும்மா சுத்திக்கிட்டு இருக்கக் கூடாதுப்பா. எங்கயாவது வேலைல சேத்து விடச் சொல்லு" என்றார்.

எந்தப் பையன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் தொப்பியைக் கழற்றியபோதே அவருக்குத் தெரியுமா? "கட்டைத் தூக்கிக்கிட்டா?" என்று என்னைக் கேட்டாரே, அப்போதே தெரிந்திருக்குமா? வெறுங்கையோடு ஓடிய கால் என்பதை அவர் அந்தத் தடத்திலேயே படித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அவர் மாற்றலாகிப் போனார், பிறகு ஓய்வு பெற்றார், காலமாகிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் செய்தது சட்டப்படி சரிதானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். அவர் காலத்தில் அந்தக் கரையில் தண்ணீர் கொடுத்த ஒரு வீட்டின் பானைகூடக் கவிழ்ந்ததில்லை. பெரிய படகுகளுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரை அவர்தான் பிடித்தார். அவர்களுடைய பங்களாவில் ஜூஸ் கொடுத்தார்களாம், அங்கேயும் தாகமே இல்லை என்று சொன்னாராம்.

நான் ஹவில்தார் ஆனேன், ஹெட் ஹவில்தார் ஆனேன். எந்த வீட்டைச் சோதிப்பது என்று முடிவு செய்யும் இடத்துக்கு நான் ஒருநாளும் வரவில்லை. ஆனாலும் நாங்கள் சோதித்த வீட்டிலும் சோதிக்கப்போகிற வீட்டிலும் தண்ணீர் வாங்கியதில்லை. மற்ற வீடுகளில் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதுதான் அம்மா, அந்தப் பழக்கம்.

போன வாரம் முனுசாமி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குடிசை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. அண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அஞ்சலை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடா ஏழுமலை, காக்கிச் சட்டையைக் காணோம்? ரிட்டேர் ஆயிட்டியா? சோதனை போட வந்தியா, தண்ணி கேக்க வந்தியா?" என்றார்.

"தண்ணிதான்க்கா."

"டேய் சேகரு, ஏழுமலை அண்ணனுக்குத் தண்ணி கொண்டாடா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சேகர் வந்தான். அந்த வருஷமே ஆரோவில் பக்கம் கொத்து வேலைக்குச் சேர்த்துவிடப்பட்டவன். இப்போது மேஸ்திரி. தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த மாடியைக் கட்டியதும் அவன்தான். விளிம்புவரை நிரம்பிய சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி வந்து, "குடிங்கண்ணே" என்று நீட்டினான். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை.